மஞ்சப்பையா, வாசல் டெலிவரியா? கௌரவம் பார்த்தால் கணக்கு உதைக்கும்!

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்து ஊர்களில் ஒரே தெருவுக்குள் இன்று நான்கு விதமாகச் சாமான் வீடு வந்து சேர்கிறது. ஒரு வீட்டில் விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு உழவர் சந்தைக்கோ வாரச் சந்தைக்கோ கிளம்புகிறார்கள். அடுத்த வீட்டில் தெருமுனைப் பலசரக்குக் கடையில் பற்று வைத்து வாங்குகிறார்கள். மூன்றாவது வீட்டில் வாட்ஸ்அப்பில் சிட்டை அனுப்பினால், கடைப் பையன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறான். நான்காவது வீட்டில் தனியாக இருக்கும் முதியவருக்கு ரேஷன் அரிசியே வாசலுக்கு வருகிறது.

இதில் எது வசதி, எது மலிவு என்று கணக்குப் போட்டு முடிவு செய்தால் சிக்கல் இல்லை. ஆனால் ஊர்ப்பேச்சு அந்தக் கணக்கோடு நிற்பதில்லை. “மகன் மெட்ராஸ்ல இருந்தே ஆர்டர் போட்டுடுறான், மதினி இப்பல்லாம் கடைப்பக்கமே வாரதில்ல” என்று சொல்வதில் ஒரு பெருமை தொனிக்கிறது. “நாலு ஏக்கர் வச்சிருக்கிற மனுசன் ரேஷன் கடை வரிசையில நிக்கிறாரே” என்பதில் ஒரு குறை தொனிக்கிறது. இந்தப் பெருமையும் குறையும் பல குடும்பங்களின் கைக்காசைச் சத்தமில்லாமல் கரைக்கின்றன. வாங்கும் இடத்தில் மட்டுமல்ல, விவசாயி விற்கும் இடத்திலும் இதே கூச்சம்தான் நட்டம் தருகிறது.

வாசலுக்கு வரும் வியாபாரம் புதிதல்ல

வீடு தேடிப் பொருள் வருவது செல்போன் வந்த பிறகு பிறந்த பழக்கம் அல்ல. கீரைக்காரம்மா, மீன்காரம்மா, உப்பு வண்டி, கோலமாவு, மண்பானை என்று பாதிச் சாமான் முன்பு தெருவில் கூவித்தான் விற்கப்பட்டது. கூடையை இறக்கி, இரண்டு கட்டுக் கீரைக்கு நாலு வார்த்தை பேரம் பேசி வாங்கியவர்கள் யாரும் அதைக் கௌரவம் என்று நினைக்கவில்லை. நெல்லோ கம்போ அளந்து கொடுத்து அதற்கு மாற்றாகப் பொருள் வாங்கியவர்களும் உண்டு.

கௌரவம் வேறு இடத்தில் இருந்தது. பெரிய நிலக்காரர் வீட்டுக்கு வியாபாரியே மூட்டையைச் சுமந்து போய்க் காட்டுவார். அந்த வீட்டுப் பெண்கள் கடைவீதிக்கு வரமாட்டார்கள்; ஆண்களோ வேலையாட்களோதான் வருவார்கள். மறுபக்கம், பல கிராமங்களில் தாழ்த்தப்பட்ட குடும்பத்தினர் கடைக்கு வெளியே தள்ளி நின்றுதான் சாமான் வாங்க வேண்டியிருந்தது. பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. கட்டிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு போக வேண்டும். கடைக்குள் போய், அள்ளிப் பார்த்து, “இது வேண்டாம், அதைப் போடுங்க” என்று சொல்வது ஒரு காலத்தில் எல்லோருக்கும் கிடைத்த உரிமை அல்ல. இன்று அலுப்பாகத் தோன்றும் அந்த வேலைக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

பைக்கும் ஒரு வரலாறு உண்டு. கல்யாண வீட்டிலும் ஜவுளிக்கடையிலும் கொடுத்த மஞ்சப்பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு பட்டணம் போனவரை ‘பட்டிக்காட்டான்’ என்று கேலி பேசினார்கள். பிளாஸ்டிக் கவர் நாகரிகம் என்று ஆனது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. கேலி செய்யப்பட்ட அதே பை, சுற்றுச்சூழல் அக்கறைக்கு அடையாளம் ஆகிவிட்டது. பை மாறவில்லை, பார்க்கிறவர்களின் கண்தான் மாறியது.

விருதுநகர் பேட்டையும் அண்ணாச்சி கடையும்

விருதுபட்டி என்று அழைக்கப்பட்ட விருதுநகர், சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் நிலம் கொண்ட ஊர். பெரிய ஆற்றுப் பாசனம் கிடையாது. ஆனாலும் பருப்பு, மிளகாய் வத்தல், மல்லி, எண்ணெய் ஆகியவற்றுக்குத் தென் தமிழகத்தின் பெரிய மொத்தச் சந்தையாக வளர்ந்தது. விருதுநகர் சந்தை நிலவரம் இன்றும் நாளிதழ்களில் வருகிறது. அங்கே பருப்பு விலை ஏறினால் பல மாவட்டங்களில் சில்லறைக் கடைப் பலகையும் மாறுகிறது.

இந்த வளர்ச்சிக்குப் பின்னால் மகமை என்ற ஏற்பாடு இருந்தது. நாடார் வியாபாரிகள் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை உறவின்முறைப் பொதுநிதிக்குக் கொடுத்தார்கள். சரக்கு வண்டிகள் தங்குவதற்குப் பேட்டைகள் எழுந்தன, பள்ளிகள் எழுந்தன. காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலா பள்ளிக்காக வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துக் கொடுத்தார்கள். ‘பிடி அரிசி’ என்ற அந்தச் சொல் அந்த ஊரில் இன்றும் நினைவில் இருக்கிறது. கடையும் ஊரும் ஒன்றையொன்று தாங்கிய காலம் அது.

அந்த மரபின் தொடர்ச்சிதான் தமிழ்நாடு முழுவதும் காணும் ‘அண்ணாச்சி கடை’. இங்கே வாடிக்கையாளர் என்பதற்கு அடையாளமாக இருப்பது பற்று நோட்டும், தினசரிக் காலண்டரும். சிவகாசி அச்சகங்களில் அடித்த காலண்டரில் கடையின் பெயரைப் போட்டுப் புத்தாண்டுக்குக் கொடுப்பார்கள். யார் வீட்டுச் சுவரில் எந்தக் கடைக் காலண்டர் தொங்குகிறது என்பதை வைத்தே அந்த வீட்டின் வாடிக்கை எந்தக் கடை என்று சொல்லிவிடலாம்.

பற்றுக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. பட்டாசு ஆலை மூடிக் கிடக்கும் நாட்களில், மழை ஏமாற்றிய ஆண்டில், மருத்துவச் செலவு வந்த மாதத்தில், அடுப்பு எரிய வைத்தது அந்த நோட்டுதான். 2018 அக்டோபரில் பேரியம் உப்பும் சரவெடியும் குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின், சிவகாசியில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. வாரச் சம்பளம் நின்றுபோன வீடுகளுக்கு முகம் தெரிந்த கடைக்காரர் கொடுக்கும் அரிசி எவ்வளவு முக்கியம் என்பது அப்படிப்பட்ட நாட்களில்தான் புரியும். செல்போன் செயலி உங்கள் முகத்தைப் பார்த்து அரிசி கொடுக்காது.

கெட்ட பக்கமும் உண்டு. பற்றில் வாங்குகிறவர் விலை கேட்கத் தயங்குவார். எடையைப் பார்க்கத் தயங்குவார். “பருப்புல கல்லு கிடக்கு” என்று திருப்பிக் கொடுக்கத் தயங்குவார். கடன் இருக்கும்வரை வேறு கடைக்கும் போக முடியாது. நேரில் போய் வாங்கினாலும், தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கே பாதிதான். எனவே நேரில் வாங்குவதெல்லாம் நல்லது, வீட்டுக்கு வருவதெல்லாம் கெட்டது என்று ஒரே போடாகப் போட்டுவிட முடியாது.

பட்டாசு ஊர்களில் பை யார் கையில்?

நாட்டின் பட்டாசு உற்பத்தியில் மிகப் பெரும்பகுதி சிவகாசியைச் சுற்றித்தான் நடக்கிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் காலையில் ஆலை வேனில் ஏறினால் மாலையில்தான் திரும்புகிறார்கள். கரிசலில் மழையை நம்பிய மக்காச்சோளமும் பருத்தியும் கைவிட்ட ஆண்டுகளில், பல விவசாயக் குடும்பங்களைத் தாங்கியது அந்தப் பெண்களின் வாரச் சம்பளம்தான்.

இதனால் ஒரு மாற்றம் நடந்தது. சம்பள நாளில் வேனை விட்டு இறங்கி, நேராகக் கடைக்குப் போய், தன் கைக்காசை எண்ணிக் கொடுத்து, பிள்ளைக்குச் சேவும் வீட்டுக்குப் பருப்பும் வாங்கி வருகிற பெண்ணுக்குக் கடைவீதி என்பது அலைச்சல் மட்டும் அல்ல. தன் சம்பாத்தியத்தைத் தானே செலவு செய்யும் இடம் அது. வாரத்தில் நாலு பேரைப் பார்த்துப் பேசும் இடமும் அதுதான். ‘உனக்கு எதுக்குச் சிரமம், போன்ல சொல்லிட்டேன், வந்துரும்’ என்று வீட்டு ஆண் சொல்லும்போது, சிரமத்தோடு சேர்த்துச் செலவு செய்யும் அதிகாரமும் கைமாறிப் போகக்கூடும். டெலிவரிக்கு மாறும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். யார் செல்போனில் ஆர்டர் போகிறது, யார் கணக்கிலிருந்து பணம் போகிறது என்பதைப் பொறுத்தே அடுப்படி முடிவுகள் அமையும்.

அதே பெண்ணுக்கு வேலை நாளில் கடைக்குப் போவது நட்டம். ரேஷன் கடையில் கார்டில் பெயருள்ள ஒருவர் நேரில் வந்து விரல்ரேகை வைக்க வேண்டும். அவர் வரிசையில் நின்றால் அன்றைய வேலை போகும். ஆகவே பாட்டி போகிறார். பல வருடம் மண்ணையும் மருந்தையும் தொட்டுத் தேய்ந்த விரலின் ரேகை சில சமயம் கருவியில் பதிவதில்லை. திரும்பி வந்து மறுநாள் மறுபடி போகிறார். நேரில் போவது எல்லோருக்கும் ஒரே விலை அல்ல என்பது இங்கேதான் தெரியும். ஓய்வூதியம் வாங்குபவருக்கு அது காலை நடை. கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம். முட்டுவலிக்காரருக்கு இரண்டு நாள் வலி.

வாசலுக்கு வந்த ரேஷன்

இந்தச் சிரமத்துக்குத்தான் ‘முதல்வரின் தாயுமானவர் திட்டம்’ 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கப்பட்டது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் குடிமைப்பொருள்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது திட்டம்; 2025-ல் தொடங்கியபோது முதியோருக்கான வயது வரம்பு 70 ஆக இருந்தது. தமிழகம் முழுவதும் 21 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயனாளிகள் என்று தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. மின்னணுத் தராசும் விற்பனைக் கருவியும் வாகனத்திலேயே வரும். வாசலில் எடை போட்டுத் தருவார்கள் என்பது ஏற்பாடு.

திட்டம் நல்லது. ஆனால் ஊரில் இதற்கும் இரண்டு விதமாகப் பொருள் கொள்கிறார்கள். “எனக்கென்ன, படுத்த படுக்கையாவா கெடக்கேன்? கடைக்கு நானே போய்க்குவேன்” என்று மறுக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ‘பெத்த பிள்ளைக பார்க்கலையோ, அரசாங்கம் கொண்டாந்து கொடுக்குது’ என்று அக்கம்பக்கம் பேசுமோ என்று கூசும் குடும்பங்களும் இருக்கின்றன. இதே வீட்டில் வெளியூர் மகன் செயலியில் சோப்பும் பிஸ்கட்டும் அனுப்பினால் அது பெருமையாகிவிடுகிறது. வண்டியில் வருவது இரண்டும் ஒன்றுதான். கார்டுக்கு உரிய பொருள் அந்தப் பெரியவரின் உரிமை. அதை வாசலில் வாங்குவதால் யாருடைய மதிப்பும் குறையாது.

ரேஷனைப் பற்றிய இந்தக் கூச்சம் வெறும் கூச்சமாக முடிவதில்லை. தமிழ்நாட்டில் அரிசி கார்டுக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடையில் பருப்பு விற்கும் விலையோடு இதை ஒப்பிட்டால் மாதம் எவ்வளவு மிச்சம் என்பது சொல்லாமலே விளங்கும். ‘நம்ம போய் வரிசையில நிக்கிறதா’ என்று வாங்காமல் விடுகிறவர் அந்த மிச்சத்தை வேண்டாம் என்கிறார். அப்படிவிட்ட பொருளுக்குப் பொய்க் கணக்கு எழுதவும் வழி பிறக்கிறது. வாங்காத பொருளுக்கு ‘வாங்கியதாக’ செல்போனில் குறுஞ்செய்தி வந்தால் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

உழவர் சந்தை: தராசு முன் உட்கார என்ன கூச்சம்?

வாங்குகிறவர் நேரில் வருவதால் விவசாயிக்கு நேரடியாக லாபம் கிடைக்கும் இடம் உழவர் சந்தை. முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. பஞ்சாபின் ‘அப்னி மண்டி’, ஆந்திராவின் ‘ரைத்து பஜார்’ ஆகியவை இதற்கு முன்னோடிகள். விருதுநகர் மாவட்டத்திலும் விருதுநகர், அருப்புக்கோட்டை, இராஜபாளையம், சிவகாசி ஆகிய ஊர்களில் உழவர் சந்தைகள் இயங்குகின்றன.

இங்கே கடைக்கு வாடகை இல்லை. தராசு சந்தையிலேயே கிடைக்கும். தினமும் காலையில் மொத்தச் சந்தை விலையைப் பார்த்து, அதைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிச்சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி விலை வைப்பது வழிகாட்டும் நெறி. அந்த விலை பலகையில் எழுதப்படும். விற்கிறவர், வாங்குகிறவர் இருவருக்கும் நடுவில் இருந்த கமிஷன் இரண்டு பக்கமும் பிரிந்து போகிறது.

இத்தனை இருந்தும், நிலம் வைத்திருப்பவர்கள் பலர் தராசு முன்னால் உட்காரத் தயங்குகிறார்கள். ‘விளைய வைக்கிறது நம்ம வேலை, கூவி விக்கிறது வியாபாரி வேலை’ என்ற எண்ணம் கரிசல் கிராமங்களில் இன்றும் இருக்கிறது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சமும் இருக்கிறது. அந்தக் கூச்சத்துக்கு விலை உண்டு. 50 கிலோ கத்தரிக்காயைக் கமிஷன் கடையில் கிலோ 20 ரூபாய்க்குப் போட்டால் 1,000 ரூபாய். அதிலும் கமிஷன், இறக்குக்கூலி பிடித்தம் உண்டு. உழவர் சந்தையில் 24 ரூபாய்க்கு விற்றால் 1,200 ரூபாய். வாரம் இரண்டு முறை என்றால் மாதத்துக்குச் சுமார் 1,600 ரூபாய் வித்தியாசம். இந்த விலைகள் கணக்குக்காக வைத்தவைதான். அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பார்த்தால் அவரவர் கூச்சத்தின் விலை தெரியும்.

இன்னொன்றும் உண்டு. நேரில் வாங்க வருகிறவர் கோணல் வெண்டையையும், சிறிய தக்காளியையும், கலந்த அளவுக் கத்தரியையும் கொஞ்சம் விலை குறைத்தால் வாங்கிக்கொள்வார். பறித்த நேரத்தையும் ரகத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்வார். பெரிய டெலிவரி நிறுவனங்களுக்குச் சரக்கு கொடுக்கும்போது அப்படி இல்லை. படத்தில் பார்த்து ஆர்டர் போடுகிறவருக்குப் படத்தில் இருப்பது போலவே போக வேண்டும். எனவே ஒரே அளவு, ஒரே நிறம், அடிபடாத காய் மட்டும்தான் எடுப்பார்கள், மீதியைத் திருப்பிவிடுவார்கள். முதல் தரத்துக்கு நல்ல விலை கிடைத்தாலும், கழித்த காயையும் சேர்த்துச் சராசரி போட்டுப் பார்த்த பிறகே எந்தப் பக்கம் லாபம் என்று முடிவு செய்ய வேண்டும்.

கொண்டுவந்து தருகிற வேலையை விவசாயியே செய்தால் இரண்டு லாபமும் அவருக்கே. 2020, 2021 ஊரடங்குக் காலங்களில் தோட்டக்கலைத் துறை வாகனங்கள் தெருத்தெருவாகக் காய்கறி விற்றன. விவசாயிகளும் தாங்களாகவே வண்டி கட்டி விற்றார்கள். கீரைக்காரம்மா செய்த அதே வேலைதான். இப்போது அதற்குச் செல்போன் துணை இருக்கிறது. ஒரே தெருவில் 20, 30 வீடுகளைச் சேர்த்து, முந்தின நாள் மாலையில் தேவையைக் கேட்டு, காலையில் அந்த அளவு மட்டும் பறித்துக் கொடுத்தால் கழிவு குறையும். கீரை, வெண்டை, கத்தரி, கொத்தவரை, முருங்கை, நாட்டுக்கோழி முட்டை போன்றவற்றுக்கு இது ஏற்றது. ஒரு வாரத்துக்கு மேல் கடன் விடக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக் கணக்கு: எப்போது போகலாம், எப்போது வரவழைக்கலாம்?

ஒரு வீட்டின் வாரக் காய்கறிச் செலவு வெளிக்கடையில் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உழவர் சந்தையில் 15 சதவீதம் குறைந்தால் 255 ரூபாய். வீட்டுக்கு வரவழைத்தால் 300 ரூபாயோடு டெலிவரிக் கட்டணம் 30 ரூபாய் சேர்ந்து 330 ரூபாய். வித்தியாசம் 75 ரூபாய். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே பெண்கள் போனால் பேருந்துச் செலவும் இல்லை.

ஆனால் அதற்காக 250 ரூபாய் அரைநாள் கூலியை விட்டால் 175 ரூபாய் நட்டம். எனவே வேலை நாளில் வரவழைப்பதும், விடுமுறை நாளில் நேரில் போவதும்தான் சரியான கணக்கு. ‘500 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்’ என்றால், 500 ஆக்குவதற்காகத் தேவையில்லாத பொருளைச் சேர்க்கிறோமா என்று பார்க்க வேண்டும். 30 ரூபாயை மிச்சப்படுத்த 120 ரூபாய்க்குப் பிஸ்கட் வாங்குவது மிச்சம் ஆகாது.

வரவழைக்கலாம்: உப்பு, சர்க்கரை, சோப்பு, தூள் வகைகள், மூடி முத்திரையிட்ட எண்ணெய். இவை எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். பொட்டலத்தில் அதிகபட்ச விலை, நிகர எடை, தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றைப் பார்த்தால் போதும்.

கண்ணால் பார்த்து, கையால் தொட்டு வாங்க வேண்டியவை:

• துவரம் பருப்பு: வட்டமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்து ஆப்பு போல் இருந்தால் கேசரிப் பருப்புக் கலப்பாக இருக்கலாம். தண்ணீரில் போட்டதும் மஞ்சள் நிறம் பிரிந்தால் சாயம் என்று சந்தேகிக்கலாம்.

• மிளகாய் வத்தல்: குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். பிடித்தால் வளைகிற வத்தலில் ஈரம் இருக்கிறது. எடைக்கும் நட்டம், பூஞ்சணமும் பிடிக்கும். ஒன்றிரண்டை உடைத்து உள்ளே பார்க்கவும்.

• நிலக்கடலை: பூஞ்சணம் பிடித்தது, சுருங்கியது, கசப்பது வேண்டாம். அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நச்சு வறுத்தாலும் போகாது.

• சின்ன வெங்காயம்: கழுத்து காய்ந்து, மேல்தோல் சருகாக இருக்க வேண்டும். அழுத்தினால் மெத்தென்று இருந்தால் விட்டுவிடவும்.

• வெண்டை, கத்தரி: வெண்டையின் நுனி பட்டென்று ஒடிய வேண்டும். கத்தரியில் காம்பு பச்சையாக இருக்க வேண்டும். புழுத் துளை இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்கவும்.

• தராசு: எடையளவுத் துறையின் முத்திரையும் தேதியும் இருக்கிறதா, சாமான் வைக்கும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கவும்.

பிள்ளைகளையும் மாதம் ஒருமுறையாவது சந்தைக்குக் கூட்டிப் போவது நல்லது. பொட்டலத்தில் மட்டுமே பருப்பைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு நல்ல பருப்பு எது, கெட்ட பருப்பு எது என்று தெரியாது. நாளைக்கு அதே பிள்ளை தன் வயலின் உளுந்தை விற்கப் போகும்போது, தரம் பார்க்கிற கண் இல்லாமல் வியாபாரி சொன்னதையே கேட்டுக்கொண்டு திரும்பும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: தாயார் தனியாக இருக்கிறார், நடக்க முடியாது. ஆனால் தாயுமானவர் வண்டி வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உங்கள் ரேஷன் கடையில் தாயாரின் கார்டு பயனாளிகள் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஆதார், குடும்ப அட்டை நகலோடு மனு கொடுக்கலாம். அதுவரை, நேரில் வர முடியாதவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒருவரை நியமித்துப் பொருள் வாங்கும் வசதி இருக்கிறது. அதற்கான அங்கீகாரப் படிவத்தை ரேஷன் கடையிலேயே கேட்டு வாங்கி, பூர்த்தி செய்து கொடுங்கள். நம்பிக்கையான ஒருவர் பெயரையே போடுங்கள்.

கேள்வி: உழவர் சந்தையில் விற்க அட்டை வாங்குவது எப்படி? குத்தகை நிலமாக இருந்தால் கிடைக்குமா?

பதில்: அருகில் உள்ள உழவர் சந்தை நிர்வாக அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். சாகுபடிக்குச் சான்றாகக் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், புகைப்படம், அடையாளச் சான்று கொண்டுபோகவும். அலுவலர்கள் வயலைப் பார்த்தபின் அட்டை கிடைக்கும். குத்தகைதாரர் தாம்தான் சாகுபடி செய்கிறார் என்பதைச் சான்றோடு காட்ட வேண்டும். பயிர் மாறும்போது அட்டையிலும் பதிவை மாற்றிக்கொள்ளுங்கள். அட்டையில் இல்லாத காயை விற்றால் சிக்கல் வரும்.

கேள்வி: வீட்டில் ஆட்டிய நல்லெண்ணெய், மிளகாய்ப் பொடி ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வீடுகளுக்குக் கொடுக்கிறோம். பதிவு தேவையா?

பதில்: விளைந்த காய்கறியை அப்படியே விற்பது வேறு. எண்ணெய், பொடி, ஊறுகாய் என்று பதப்படுத்தி விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். சிறு அளவில் விற்பவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் பதிவுச் சான்று உண்டு. பொட்டலத்தில் எடை, தயாரித்த தேதி, விலை, முகவரி, பதிவு எண் அச்சிடுங்கள்.

கேள்வி: வரவழைத்த சாமானில் எடை குறைந்தாலோ, கெட்டுப்போயிருந்தாலோ யாரிடம் சொல்வது?

பதில்: கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே பிரித்துப் பாருங்கள்; ஒரு சின்னத் தராசு வீட்டில் இருப்பது நல்லது. குறை இருந்தால் படம் எடுத்து, பில்லோடு விற்றவருக்கு உடனே அனுப்புங்கள். தீர்வு இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். கொண்டுவரும் பையன் மேல் கோபப்பட வேண்டாம். பொட்டலம் கட்டியது அவர் அல்ல. மழை பொய்த்த ஆண்டில் வண்டியெடுத்து வேலைக்குப் போன ஏதோ ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளையாகவும் அவர் இருக்கக்கூடும். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: பலசரக்குக் கடைப் பற்று ஏறிக்கொண்டே போகிறது. எப்படிக் கட்டுப்படுத்துவது?

பதில்: கடைக்காரரிடம் ஒரு நோட்டு இருப்பதுபோல் வீட்டிலும் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, பொருள், எடை, விலை நான்கையும் அன்றன்றே எழுதி, வாரச் சம்பள நாளில் இரண்டு நோட்டையும் ஒப்பிடுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் தவிர வேறு எதையும் பற்றில் வாங்குவதில்லை என்று முடிவு செய்யுங்கள். தீபாவளி போனஸ் வந்ததும் முதல் வேலையாகப் பழைய பற்றை அடைத்து, நோட்டில் கடைக்காரர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.